சுமையில்லாமல் எடுத்த ரீடிங்

மோட்டாரோடு பம்ப் மாட்டியிருக்கவில்லை. சும்மா சுற்றிக்கொண்டிருந்த மோட்டாரில் ரீடிங் எடுத்து, ரோட்டார் நன்று என்று எழுதி, கையெழுத்தும் போட்டுவிட்டார் தில்லைநாயகம். நடந்தது அவ்வளவுதான். நடந்து ஒன்பது நாளாகிறது. அவருக்குத் தெரியவந்தது இப்போதுதான், மோட்டார் மறுபடி ஓடுவதைப் பார்க்கப் போக மேட்டுப்பாளையத்தில் ஏறிய பஸ் இரண்டாவது கொண்டை ஊசி வளைவில் திணறித் திரும்பிக்கொண்டிருந்தபோது, போனில். மேலே மலையில் இருக்கிற குடிநீர்ப் பம்ப் ஹவுஸின் உதவிப் பொறியாளர் இளமாறன் பேசினான். நல்ல பையன், மனதில் எதையும் வைத்துக்கொள்ளத் தெரியாது. ரிப்போர்ட் வந்துவிட்டது, சந்தோஷம் என்றான். மோட்டாரையும் பம்பையும் சேர்க்கிற கப்ளிங்கை நேற்றுதான் மாட்டி முடித்தார்கள் என்றான். அப்புறம், ஏதோ மழை வருகிறது என்று சொல்வதுபோல, "நீங்க வந்தன்னிக்குக் கப்ளிங்குல ரப்பர் புஷ் மாத்தறதுக்காகப் பம்பக் கழட்டிப் போட்டிருந்தாங்கல்ல சார், மோட்டார் தனியாத்தானே ஓடிட்டிருந்துச்சு" என்றான். தான் அன்றைக்கு மீட்டிங்குக்குப் போய்விட்டதாகவும், இன்று பத்தரைக்கு ஸ்டார்ட் பண்ணித் தண்ணீரை ஏற்றிவிடப் போவதாகவும், ஊரில் ஐந்து நாளாகக் குழாயில் காற்றுதான் வருகிறதென்றும், கீழே மோட்டார் ரூமில் பெயிண்ட் அடிக்கிற பொம்பளைகள் ஆறு பேர் இருக்கிறார்கள், அவர்கள் பாட்டுக்கு அடிக்கட்டும், நாம் பாட்டுக்கு ஓட்டலாம் என்றும் சொல்லிக்கொண்டே போனான். பஸ் திரும்பியது. பாறை வந்தது. போன் செத்தது. தில்லைநாயகம் அதைக் காதிலேயே வைத்துக்கொண்டிருந்தார். மணி பத்து இரண்டு.

தனியாத்தானே ஓடிட்டிருந்துச்சு. தனியாத்தானே. இல்லை, அவன் தப்பாகச் சொல்லியிருப்பான், அன்றைக்கு அவன் ஊரிலேயே இல்லை, அவனுக்கு என்ன தெரியும். இல்லை, சரியாகத்தான் சொன்னான். பேனலில் ஆம்பியர் குறைவாகக் காட்டியதே. குறைவு என்று கண்ணில் பட்டதே. பட்டதும் என்ன நினைத்தார்? வால்வைக் கொஞ்சமாகத் திறந்து வைத்திருக்கிறார்கள், கோடைகாலம், ஆற்றில் தண்ணீர் இல்லை என்று நினைத்தார். நினைக்கக்கூட இல்லை. அப்படி ஒன்று தலைக்குள் ஓடியது, அதை ஓடவிட்டார், பசி நேரம், கீழே மோட்டார் ரூமுக்குப் போக எழுபது படி. பக்கத்து இருக்கைக்காரர் மடியில் ஓட்டை போட்ட அட்டைப்பெட்டி, உள்ளே கோழிக்குஞ்சுகள், ஐம்பது இருக்கும், எல்லாம் சேர்ந்து ஒரே குரலாகக் கீச்சிட்டுக்கொண்டு வந்தன. ஐம்பது. கரண்ட்டும் ஐம்பதுதான், விநாடிக்கு ஐம்பது தடவை முன்னும் பின்னும் ஆடுகிறது, கம்ப்யூட்டர் திரையில் அதைப் பிரித்துப் போட்டால் ஐம்பதுக்கு நேராகப் பனைமரம் மாதிரி ஒரு கோடு நிற்கும். நல்ல மோட்டாராக இருந்தால் மரம் மட்டும்தான். மோட்டாருக்குள்ளே சுற்றுகிற ரோட்டாரில் கூண்டுக்கம்பி மாதிரி செப்புக் கம்பிகள் சுற்றிலும் இருக்கும், அதில் ஒன்று உடைந்தால் போதும், அந்த மரத்துக்கு இரண்டு பக்கமும் சின்னதாக இரண்டு காது முளைக்கும். காதின் உயரத்தைப் பார்த்து ஒரு கம்பியா மூன்று கம்பியா என்று சொல்லிவிடலாம். மோட்டாரை நிறுத்த வேண்டாம், கழற்ற வேண்டாம், பார்க்கக்கூட வேண்டாம். இதைச் சொல்லித்தான் இருபத்தெட்டு வருஷமாக ஆலை ஆலையாகப் போய்க்கொண்டிருக்கிறார். ஒரே ஒரு நிபந்தனை. மோட்டார் சுமை இழுக்க வேண்டும். சுமை இருந்தால் ரோட்டார் கொஞ்சம் பின்தங்கும், பின்தங்கினால்தான் காது மரத்தை விட்டு விலகி நிற்கும். சும்மா சுற்றினால் பின்தங்காது. காது மரத்துக்குள்ளேயே ஒட்டிக்கொண்டு ஒளிந்துவிடும். பத்துக் கம்பி உடைந்திருந்தாலும் தெரியாது. இது முதல் பாடம். இதைக் கோவையில் எத்தனை கூட்டத்தில் எழுந்து நின்று சொல்லியிருக்கிறார், முன்வரிசையில் தூங்குகிறவனைப் பெயர் சொல்லி எழுப்பிச் சொல்லியிருக்கிறார். கீச், கீச். பஸ் மூன்றாம் வளைவில் சாய்ந்ததும் குஞ்சுகள் எல்லாம் ஒரு கணம் வாயடைத்தன. பிறகு மறுபடி தொடங்கின. 

உடைந்திருக்கிறதா என்பதே தெரியாது, அதை நினைத்துப் பார்க்க வேண்டும், உடையாமலும் இருக்கலாம். தெரியாது என்பதற்கும் உடைந்தது என்பதற்கும் நடுவே எவ்வளவோ இடம் இருக்கிறது. நன்று என்று எழுதியது பொய்யாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை, குருட்டாம்போக்கில் உண்மையாகவும் இருந்துவிடலாம். ஆனால் எதற்காக அவரைக் கூப்பிட்டார்கள்? அந்த மோட்டார் தண்ணீர் ஏற்றும்போது இழுத்து இழுத்து மூச்சு விடுகிறது என்று அங்கே இருக்கிற ஆப்பரேட்டர் அம்மாள் மூன்று மாதமாக லாக் புக்கில் எழுதிக்கொண்டிருந்தாளாம். அதனால்தான் கூப்பிட்டார்கள். மூச்சு விடுகிறது என்றால் கம்பி உடைந்தது என்று அர்த்தம், வேறு என்ன அர்த்தம், அதைக் கேட்ட மாத்திரத்தில் அவருக்கே தெரிந்ததுதானே. தெரிந்துதானே கிளம்பினார். அப்புறம் திரையில் சுத்தமாக ஒற்றை மரம் நின்றதைப் பார்த்ததும், பொம்பளைப் பிரமை என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டார். சொல்லிக்கொண்டது மட்டுமல்ல, அந்த வார்த்தையை மாற்றி, இங்கிதமான இங்கிலீஷில், சத்தம் பற்றிய புகாருக்கு ஆதாரமில்லை என்று ரிப்போர்ட்டிலும் எழுதினார். ஓடுகிற மோட்டாரில் கம்பி சும்மா உடைந்துவிடாது. ஸ்டார்ட் ஆகிற அந்தப் பத்து விநாடியில்தான் உடையும், ஆறு மடங்கு ஏழு மடங்கு கரண்ட் இழுத்து, கம்பி பழுக்கக் காய்ந்து, உடைந்த பக்கத்துக் கம்பியின் சுமையும் தன் மேல் விழுந்து. பத்தரை. பத்தரையிலிருந்து பத்து விநாடி. உடைந்த கம்பி நுனி தூக்கும். தூக்கினால் ரோட்டாரைச் சுற்றியிருக்கிற வைண்டிங் சுருளை உழும். உழுதால் மூவாயிரத்து முந்நூறு வோல்ட்டும் போகிற வழி டெர்மினல் பாக்ஸ். மோட்டாரின் விலாவில் கேபிள் வந்து சேர்கிற இரும்புப் பெட்டி. அதன் மூடி நாலு போல்ட்டில் நிற்கிறது. நிற்கிறது என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம்.

தேவசகாயம் அதன் மேல்தான் டிபன் பாக்ஸை வைப்பான். சூடு ஆறாது சார் என்பான். நூற்பாலை, முப்பத்தொரு வருஷம் முன்பு, பிட்டர் தேவசகாயம், உயரமான ஆள், மீசை கிடையாது, சங்கத்தில் கடைசி வரிசையில் உட்கார்ந்து எல்லாருக்கும் பட்டப்பெயர் வைப்பவன். தில்லைநாயகத்துக்கு அவன் வைத்த பெயர் டக்கர் என்பதா டாக்டர் என்பதா, மறந்துவிட்டது, அதை ஞாபகப்படுத்த இப்போது என்ன அவசரம். மதியச் சாப்பாட்டு மணி அடித்தது. தேவசகாயம் டிபன் பாக்ஸை எடுக்கக் கை நீட்டினான். தில்லைநாயகம் பதினைந்து அடி தள்ளித் தூணுக்கு அந்தப் பக்கம் நின்றிருந்தார். சத்தம் ஞாபகமில்லை. சத்தம் இருந்திருக்க வேண்டும், ஆலை முழுக்கக் கேட்டது என்றார்கள், அவருக்கு மட்டும் ஞாபகமில்லை. வாசனை ஞாபகமிருக்கிறது, வார்னிஷ் கருகிய வாசனை, வெல்லப்பாகு தீய்ந்த மாதிரி, அதோடு சாம்பார் வாசனை. மூடி எங்கே போயிற்று என்று யாரோ கேட்டுக்கொண்டே இருந்தார்கள். அதற்குப் பிறகு அவர் பேனல் ரூமுக்கு வந்துவிட்டார். கிளாம்ப் மீட்டரும் கம்ப்யூட்டருமாக இந்த வித்தை அப்போதுதான் வந்திருந்தது, கோவையில் யாருக்கும் தெரியாது, அவர் படித்தார், கருவி வாங்கினார், தொழிலாக்கினார். புதுமை விரும்பி என்று மாலை போட்டார்கள். மனைவி சௌந்தரத்துக்கு மட்டும் தெரியும். வீட்டுக் கிணற்று மோட்டாரின் ஸ்விட்சைத் திண்டு ஓரத்திலிருந்து பெயர்த்து முன் ரூமுக்கு மாற்றியபோது அவள் எதுவும் கேட்கவில்லை. மாவரைக்க உட்காரும்போது, நீங்க போய் வாசல்ல பேப்பர் படிங்க என்பாள், கேலியாகக்கூட அல்ல, மழை வருது உள்ள வாங்க என்பதுபோல. அரைக் குதிரைச் சக்தி கிரைண்டர். அதற்குப் பயப்படுகிற ஆள் நானூறு கிலோவாட் மோட்டாருக்குச் சான்றிதழ் கொடுக்கிறார். யாருக்கும் தெரியாது. தெரியாமலே இவ்வளவு காலம் ஓடிவிட்டது. ஓடும்தான். அவர் வித்தையே அப்படி, மோட்டார் பக்கம் போகாமலே மோட்டாரைச் சொல்கிற வித்தை. மோட்டாரெல்லாம் கீழே எங்கேயோ இருக்கும், அவர் எப்போதும் மேலே ஏசி ரூமில்.

அன்றைக்கும் அப்படித்தான். ரோட்டோரம் பேனல் ரூம், கீழே ஆற்றங்கரையில் மோட்டார் ரூம், நடுவே படிக்கட்டு. பேனலில் மீட்டருக்குப் போகிற மெல்லிய ஒயரில் கிளாம்பை மாட்டினார். திரையில் மரம் நின்றது. எட்டு நிமிஷ வேலை. நடுவில் ஒயர்மேன் ஒருவன் வாசலில் வந்து நின்றான். "ஆப்பரேட்டர் அம்மா ஒரு தடவ கீழ வந்து பாத்துட்டுப் போகச் சொல்றாங்க சார்." அவர் திரும்பிக்கூடப் பார்க்காமல், "தொட்டுப் பாக்க நான் என்ன மாட்டு டாக்டரா?" என்றார். ஒயர்மேன் சிரித்தான். அவரும் சிரித்தார். அந்தச் சிரிப்பு. அந்தச் சிரிப்பு இப்போது பஸ்ஸில் வந்து உட்கார்ந்துகொண்டு போக மாட்டேன் என்கிறது. மாட்டு டாக்டரா. ஒரு மாட்டு டாக்டர் வந்திருந்தால் படியிறங்கிப் போயிருப்பான், கயிற்றைப் பிடித்துப் பார்த்திருப்பான், வண்டியில் பூட்டவே இல்லையே அப்பா, சும்மா நிற்கிற மாட்டுக்கு நொண்டி எப்படித் தெரியும் என்று கேட்டிருப்பான். ஏன் போகவில்லை? பசி. பசியில்லை. முழங்கால் வலி. அதுவுமில்லை. கீழேயிருந்து மோட்டாரின் முனகல் படி வழியாக மேலே வந்துகொண்டிருந்தது, வாசல்வரை வந்து நின்று அவரைப் பார்த்துக்கொண்டிருந்தது. அதனால் போகவில்லை. மாட்டு டாக்டரா என்றது அந்த முனகலிடம் சொன்னது. ஒயர்மேன் சிரித்துவிட்டுப் போய் அதை அப்படியே அந்த அம்மாளிடம் சொல்லியிருப்பான். அவளும் சிரித்தாளோ என்னவோ. இல்லை, சிரித்திருக்க மாட்டாள். அவள் முகம்கூட அவருக்குத் தெரியாது. தெரியாத முகம் சிரிக்கவில்லை என்பது மட்டும் எப்படித் தெரிகிறது?

கண்டக்டரிடம் கேட்டார். ஏனுங்க, இங்கே எங்கே டவர் கிடைக்கும். கண்டக்டர், ஏழாவது வளைவுல ஒரு கோடு வருமுங்க, வந்தாத்தான் உண்டு, என்று சொல்லிவிட்டு, என்ன அவசரமுங்க, ஆஸ்பத்திரி சமாச்சாரமா என்றான். இல்லை என்றார். இல்லை என்றது சரியா? பஸ்ஸை நிறுத்தச் சொன்னால் என்ன ஆகும், ஒன்றும் ஆகாது, நின்ற இடத்தில் நிற்கும். எதிரே கார் வந்தால் மறித்து ஏறிக்கொள்ளலாம், எதிரே வருகிற கார் எல்லாம் கீழேதான் போகிறது. கோழிக்குஞ்சுக்காரர் தன் போனை எடுத்து நீட்டினார், நம்மளுது கவர்மெண்ட் கம்பெனி, காட்டுக்குள்ளயும் எடுக்கும் என்றார். எடுக்கவில்லை. நாலு. ஐந்து. ஐந்துக்கும் ஆறுக்கும் நடுவே ஒரு லாரி பின்னுக்கு வந்து வந்து திரும்பிக்கொண்டிருந்தது, இரண்டு நிமிஷம், மூன்று நிமிஷம், அதன் டிரைவர் சாவகாசமாகப் பீடியை அணைத்துவிட்டு ஸ்டியரிங்கைத் திருப்பினான். பத்து பதினெட்டு. ஆறு. சொல்ல வேண்டியதைத் தில்லைநாயகம் தயார் பண்ணிக்கொண்டார். ஸ்டார்ட் பண்ணாதீங்க, என் ரீடிங் தப்பு. ஐந்தே வார்த்தை. சுருக்கமாகப் பேசுகிறவர் என்று ஊரெல்லாம் பெயர். ஐந்து வார்த்தை போதும். ஏழாவது வளைவின் மஞ்சள் பலகை கண்ணில் பட்டதும் கோடு வந்தது. போட்டார். மூன்றாவது மணியில் இளமாறன் எடுத்தான். பின்னால் வாளி கிணுங்கியது, பொம்பளைகள் எதற்கோ சேர்ந்து சிரித்தார்கள், கீழேதான் நிற்கிறான், மோட்டார் பக்கத்தில்தான் நிற்கிறான். சொல்லுங்க சார் என்றான். தில்லைநாயகம் போனை மறு காதுக்கு மாற்றினார். "நான் பஸ்ல வந்துட்டிருக்கேன்" என்றார். தெரியும் சார் என்றான் அவன். "ஒரு சின்ன சந்தேகம். வந்து பேசிக்கலாம்" என்றார். அது அவர் குரலே அல்ல, ரிப்போர்ட் எழுதுகிற குரல். இளமாறன், கேக்கல சார், விட்டு விட்டுக் கேக்குது, கவலைப்படாதீங்க, நீங்க வர்றதுக்குள்ள ஓட விட்டுடறேன் என்றான். பாறை வந்தது.

எட்டு விநாடி இருந்திருக்கும். எட்டு விநாடியில், எட்டு ஐம்பது நானூறு தடவை கரண்ட் முன்னும் பின்னும் போய் வந்திருக்கும். நானூறு தடவை. ஒரு தடவைகூடத் தப்பு என்ற வார்த்தை வாயில் வரவில்லை. சின்ன சந்தேகம். வாயைக் கழுவ வேண்டும். எதற்குப் பயந்தார்? அந்தப் பையனுக்கா? அவன் அவரைச் சார் சார் என்று கூப்பிடுவான், நாளைக்கும் கூப்பிடுவான். கோவைக் கூட்டத்தில் முன்வரிசையில் தூங்குகிறவனுக்கா? இவர் சொன்ன முதல் பாடத்தை இவரே தவறவிட்டார் என்று அவன் எழுந்து சொல்வான் என்றா? ஆறு பெண்கள் சிரித்துக்கொண்டிருக்கும்போது அவனை நினைத்தா பயந்தார். பயத்துக்கு வெட்கமே இல்லை, எங்கே இடமிருக்கிறதோ அங்கே போய் உட்கார்ந்துகொள்கிறது. இப்போது நிலைமை முன்னைவிட மோசம். முன்னே அவன் பத்தரைக்குப் போடுவதாக இருந்தான், இப்போது அவர் வருவதற்குள் ஓடிக்காட்ட வேண்டும் என்று பத்தரைக்கு முன்னாலேயே போடுவான். அவருக்கு மரியாதை செய்வதற்காகப் போடுவான். எட்டாவது வளைவு. பத்து இருபத்தெட்டு. பார்க்கக்கூடாது என்று கடிகாரத்தைச் சட்டைக் கைக்குள் தள்ளினார். உடனே வெளியே எடுத்தார். இருபத்தொன்பது. பஸ் ஏறுகிறது, குஞ்சுகள் கத்துகின்றன, முன்னால் ஒரு பாப்பா தாயின் தோள்மேல் தலை வைத்து அவரையே வெறித்துக்கொண்டு வருகிறது, அதன் வாயில் ஒரு பிஸ்கட் கரைந்துகொண்டிருக்கிறது. முப்பது. இப்போது. இப்போது பட்டனை அழுத்துகிறான். ஒன்று. இரண்டு. மூன்று. எண்ணாதே. நாலு. ஏணியில் நிற்கிறவள் சத்தம் கேட்டுத் திரும்பிப் பார்க்கிறாள். ஐந்து. டெர்மினல் பாக்ஸ் மேல் யாராவது பையை வைத்திருப்பார்கள், கட்டாயம் வைத்திருப்பார்கள், இந்த மலைக் குளிரில் வேறு எங்கே வைப்பார்கள், சோற்றுப் பை, தண்ணீர் பாட்டில், ஸ்வெட்டர். ஆறு. ஏழு. கை நீட்டுகிறாள். பத்து. பத்து வந்துவிட்டது. ஒன்றுமில்லை. குஞ்சுகள் கத்திக்கொண்டுதான் இருக்கின்றன. அங்கே என்ன ஆனதென்று இங்கே எப்படித் தெரியும், இங்கே தெரியவே தெரியாது, நடந்து முடிந்த ஒன்றை நோக்கித்தான் போய்க்கொண்டிருக்கிறார், எட்டிப் பிடிக்க இனி எதுவும் இல்லை, ஆனாலும் உள்ளங்கால் பஸ்ஸின் தரையை அழுத்திக்கொண்டே இருந்தது, அவர்தான் ஆக்சிலேட்டரை மிதிக்கிறார் என்பதுபோல.

பத்தாவது வளைவுக்கு முன்னால் பஸ் ஓரங்கட்டி நின்றது. மேலேயிருந்து ஆம்புலன்ஸ் வந்தது. சைரன் மலையில் மோதி இரண்டாகக் கேட்டது. பஸ்ஸில் சிலர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். தில்லைநாயகம் எழுந்து நின்றுவிட்டார். அதன் கண்ணாடி முழுக்க வெள்ளைப் பெயிண்ட், உள்ளே யார் என்று தெரியவில்லை, யாருடைய கை என்றும் தெரியவில்லை, ஒரு கை, கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கிற கை மட்டும் மேல்விளிம்பில் தெரிந்து மறைந்தது. பெண்ணின் கையா? வளையல் இருந்ததா? வெள்ளையாக ஏதோ இருந்தது, பெயிண்ட்டாக இருக்கலாம், கண்ணாடிப் பெயிண்ட்டா, கையில் இருந்த பெயிண்ட்டா. கண்டக்டர், ஒன்னுமில்லீங்க உக்காருங்க, எஸ்டேட் ஆளு ஒருத்தருக்குக் கிட்னி, வாரத்துல ரெண்டு தடவ இந்நேரத்துக்குத்தான் இறக்குவாங்க, எங்க டைமும் அவங்க டைமும் இங்கதான் முட்டும் என்றான். தில்லைநாயகம் உட்கார்ந்தார். நம்பவில்லை. நம்பாததற்குக் காரணமில்லை. வாரத்தில் இரண்டு தடவை வருகிற ஒன்று மூன்றாவது தடவை வேறு காரியத்துக்கும் வரலாம் அல்லவா. அவருக்கு மூக்கில் வெல்லப்பாகு தீய்ந்த வாசனை வந்தது. முன்சீட்டுப் பாப்பாவின் பிஸ்கட்தான் அது. பிஸ்கட்தான். மூக்கைத் தேய்த்துக்கொண்டார். பிஸ்கட் வாசனை போய்விட்டது, அந்த வாசனை போகவில்லை. கீழே போக வேண்டியிருக்கும். எப்படியானாலும் கீழே போக வேண்டியிருக்கும், வெடித்திருந்தாலும் போக வேண்டும், ஓடிக்கொண்டிருந்தாலும் போக வேண்டும். ஓடிக்கொண்டிருந்தால்தான் அதிகம் பயம் என்று தோன்றியதும், தன் மேலேயே அவருக்கு அருவருப்பாக இருந்தது.

பன்னிரண்டாவது வளைவு தாண்டி இறக்கிவிட்டார்கள். பத்து ஐம்பத்தொன்று. கருவிப் பையைக் கோழிக்குஞ்சுக்காரர்தான் ஜன்னல் வழியாக எடுத்துக் கொடுத்தார். பஸ் போய்விட்டது. சத்தமில்லை. ஆற்றுச் சத்தம் இருந்தது, ஒரு மரங்கொத்தி இருந்தது, மோட்டார் சத்தம் இல்லை. ஓடினால் ரோட்டுக்கே கேட்கும். ஓடவில்லை. ஓடவில்லை என்றால் இரண்டில் ஒன்று. பேனல் ரூம் வாசலில் யாருமில்லை. அவர் கால் பேனல் ரூமுக்குள் போகவில்லை, படிக்கட்டுக்குத்தான் போயிற்று, அவரைக் கேட்காமல் போயிற்று. இறங்கினார். மோந்து மோந்து இறங்கினார். டர்பன்டைன் வாசனை. பாசி வாசனை. நாற்பதாவது படியில் உட்கார்ந்துவிட்டார், எழுந்தார், இறங்கினார். டர்பன்டைன்தான். வேறு ஒன்றுமில்லை.

ஆறு பெண்களும் இருந்தார்கள். ஒருத்தி ஏணியில், மற்றவர்கள் சுவர் ஓரம் டீ குடித்துக்கொண்டு. நடுவே மோட்டார் நீலமாக, அசையாமல் நின்றது. அதன் எதிரே பிளாஸ்டிக் நாற்காலியில் காக்கிச் சட்டையைப் புடவை மேல் போட்டுக்கொண்டு நாற்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். அவள் இடுப்பில் பேனல் சாவி செருகியிருந்தது. இளமாறன் முகம் சிவந்து நின்றான்.

"நீங்களே சொல்லுங்க சார் இந்தம்மாகிட்ட. பத்தரைலருந்து சாவியக் குடுக்க மாட்டேன்னு உக்காந்திருக்கு. காண்ட்ராக்ட் ஆளு, ஏஜென்சில ஒரு வார்த்த சொன்னா நாளைக்கு வேலை இல்லன்னு சொல்லியாச்சு. உங்க ரிப்போர்ட்டக் காட்டியாச்சு. கேக்க மாட்டேங்குது."

அவள் எழுந்திருக்கவில்லை. தில்லைநாயகத்தை மேலும் கீழும் பார்த்தாள். மாட்டு டாக்டர் இவர்தான் என்று தெரிந்துகொண்ட பார்வை.

"தண்ணி தூக்கறப்பதான் சார் அது இழுத்து இழுத்து மூச்சு விடுது. பம்பு மாட்டாம சும்மா சுத்தறப்பப் பாத்துட்டு நல்லாருக்குன்னு எழுதினா எப்புடி? சும்மா உக்காந்திருந்தா எனக்குந்தான் முட்டி வலிக்கறதில்ல."

ஏணியில் இருந்தவள் களுக்கென்று சிரித்தாள். இளமாறன் அவளை முறைத்தான். தில்லைநாயகத்திடம் வார்த்தை தயாராக இருந்தது. இன்னொரு முறை பார்த்துவிடலாம் என்ற வார்த்தை, எதற்கும் ஒரு உறுதிக்காக என்ற வார்த்தை, ரிப்போர்ட் பாஷையில் எத்தனையோ இருந்தன, எல்லாம் நாக்கு நுனியில் வரிசை கட்டி நின்றன. மோட்டாருக்கும் அவருக்கும் நடுவே நாலடி. இவ்வளவு பக்கத்தில் முப்பத்தொரு வருஷமாக அவர் நின்றதில்லை.

"என் ரீடிங் தப்பு" என்றார். "அந்தம்மா சொல்றதுதான் சரி. அன்னிக்குக் கீழ வந்திருந்தா பாத்திருப்பேன். வரல. எனக்கு மோட்டார்னா பயம்."

இளமாறனுக்குச் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியவில்லை. சிரிக்கவில்லை. அந்தப் பெண் நாற்காலியை விட்டு எழுந்து, அதை அவர் பக்கம் நகர்த்திப் போட்டாள்.

அவர் உட்காரவில்லை. சுமையோடு ஒரே ஒரு ரீடிங் எடுக்க வேண்டும், ரூமைக் காலி பண்ணுங்கள் என்றார். பெயிண்ட்காரிகள் வாளியோடு படியேறினார்கள், கடைசியாக அந்த ஆப்பரேட்டர் கதவைப் பூட்டிவிட்டு ஏறினாள். மேலே பேனலில் அவர் கிளாம்பை மாட்டினார், அவள் சாவி போட்டு ஸ்டார்ட் பண்ணினாள், ஸ்டாப் பட்டன் மேல் கட்டை விரலை வைத்துக்கொண்டே நின்றாள். மோட்டார் சுமையை இழுத்தது. கீழே மூச்சு வாங்குவது மேலே கேட்டது.  நாற்பது விநாடி. திரையில் மரம் எழுந்தது, அதன் இரண்டு பக்கமும் இரண்டு காது, குட்டையாக அல்ல, முயல் காது மாதிரி எழுந்து நின்றன. இளமாறன் இது என்ன சார் என்றான். போதும் என்றார் தில்லைநாயகம். அவள் அழுத்தினாள்.

அன்று ஊருக்கு லாரியில் தண்ணீர் போயிற்று. ரோட்டாரை வெளியே இழுத்தபோது ஏழு கம்பி உடைந்திருந்தது. ஒன்று நுனி தூக்கி, வைண்டிங்கைத் தொட ஒரு விரற்கடை தூரத்தில் நின்றது. கம்பிகளை மாற்றி ஒட்டியது கோவைப் பட்டறை. முதல் ரிப்போர்ட்டை ரத்து செய்து வேறு எழுதிக் கையெழுத்துப் போட்டது தில்லைநாயகம். சாவியைக் கொடுக்காமல் உட்கார்ந்திருந்தது யோகேஸ்வரி.